இஸ்மாயில் காக்காவின் விப்பெட்

விப்பெட் என்ற நாய் இனத்தைப் பற்றி இரண்டு பக்கத்தில் ஓர் அறிமுகம் எழுதித் தரும்படி எங்கள் பழைய மிருக வைத்திய அலுவலகத்தில் இப்போதிருக்கும் டொக்டர் கேட்டிருக்கிறார். அவருக்கு என் மகளின் வயதுதான். கல்முனையில் ஒருவர் கொழும்பிலிருந்து விப்பெட் குட்டியொன்றை வாங்கி வந்திருக்கிறாராம். விலா எலும்பு தெரிகிறதென்று தெருவே சேர்ந்து அவரை ஏசுகிறதாம். "உங்களுக்குத்தானே சேர் அந்த இனத்தோட பழக்கம் இருக்கு" என்றார் டொக்டர். பழக்கம் என்பது பெரிய வார்த்தை. கால்நடைப் போதனாசிரியராக ஓர் ஆயுளைக் கழித்தவன் நான். என் கை படாத மாடு இந்தக் கரையோரத்தில் குறைவு. ஆனால் விப்பெட் என்றால் ஒன்றே ஒன்றைத்தான் பார்த்திருக்கிறேன்.

அறிமுகத்தை முறைப்படி தொடங்குவதானால் இப்படித் தொடங்க வேண்டும். இங்கிலாந்தின் வடபகுதியில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் முயல் பிடிக்கவும் ஓய்வு நாளில் பந்தயம் விடவும் வளர்த்த நாய் இது. முழங்கால் உயரம் நிற்கும். ஆழமான நெஞ்சு, உள்ளே ஒட்டிய வயிறு, வளைந்த முதுகு, குட்டை மயிர். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும். இவ்வளவையும் எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். அதற்கு மேல் எதை எழுதப் போனாலும் அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்றழைக்கும் சாய்ந்தமருது இஸ்மாயில் குறுக்கே வந்து நிற்கிறார். ஆகவே அவரையும் சேர்த்தே எழுதுகிறேன். வேண்டாததை அந்த இளம் டொக்டர் வெட்டிக்கொள்ளட்டும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மலைநாட்டில் குளிரையும் பாற்பசுவையும் சிங்களத்தையும் ஒரே நேரத்தில் பழகிக்கொண்டு ஊருக்குத் திரும்பினேன். மாட்டுக்கு ஊசி போடுகிறவன் என்றால் எங்கள் ஊரில் மரியாதை. நாய்க்கும் போடுகிறான் என்று தெரிந்தபோது கொஞ்சம் தள்ளி நின்று மரியாதை செய்தார்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது எங்கள் மார்க்கச் சட்டம். வேலை முடிந்து வந்ததும் என் மனைவி என்னைக் கேற்றடியில் நிறுத்தி, "இண்டைக்கு மாடா, நாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

அந்தச் சட்டத்தை என்னைவிடக் கவனமாகக் காத்தவர், அப்போது எங்கள் மிருக வைத்தியராக இருந்த டொக்டர் ஞானசேகரம். ஆலையடிவேம்புக்காரர், திருநீறு பூசாமல் வேலைக்கு வரமாட்டார். அலுவலகத்துக் குழாயடியில் ஒரு வாளி நிறையச் சுத்தமான மண் எப்போதும் இருக்க வேண்டும். தீர்ந்துபோனால் எனக்குத்தான் ஏச்சு. "நாயைக் கொண்டுவாற முஸ்லிம் ஆக்களுக்குக் கழுவ வழியில்லாமப் போனா அடுத்த முறை கொண்டுவர மாட்டாங்க. பிறகு ஊரில விசர்நாய் திரியும்" என்பார்.

மூக்கின்மேல் கோபம் அவருக்கு. ஆனால் மிருகத்துக்கு முன்னால் அந்தக் கோபத்தைக் காண முடியாது. எந்த மிருகம் வந்தாலும் உடனே தொடமாட்டார். கதிரையைக் கொஞ்சத் தூரத்தில் இழுத்துப் போட்டு, பாலில்லாத ஒரு பிளேன்ரீயைக் குடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். எங்களையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்வார். எந்தக் காலில் பாரம் போடுகிறது, மூச்சு நெஞ்சால் போகிறதா வயிற்றால் போகிறதா, சொந்தக்காரரின் பக்கம் திரும்பி நிற்கிறதா விலகி நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பிறகு அதன் பெயரைக் கேட்பார். பெயரில்லாத மாடென்றால் தானே ஒரு பெயரை வைத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். இதையெல்லாம் அப்போது வீண் தாமதம் என்று நினைத்தேன். பிறகு நானும் அப்படியே செய்யத் தொடங்கினேன்.

இஸ்மாயில் காக்கா கடல் தொழிலாளி. சுனாமியில் மனைவியையும் ஒரே மகளையும் இழந்தவர். அதன் பிறகு அவர் கடற்கரைப் பக்கம் போகவில்லை. வீடு கட்டிக் கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஊரின் வயற்பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. அங்கே காவலுக்கு நின்றார். நிறுவனத்தின் பொறுப்பாளர் ரூத் என்ற வெள்ளைக்காரப் பெண். ரூத் மிஸ் என்போம். அவரோடு வந்ததுதான் மில்லி என்ற விப்பெட். சாம்பல் நிறம், பெரிய கண், நெஞ்சில் மட்டும் வெள்ளை.

காவலுக்கு விப்பெட் சரிப்படாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அபூர்வமாகத்தான் குரைக்கும். புது ஆள் வந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்ளும். "கள்ளன் வந்தா நான்தான் தம்பி குரைக்கணும்" என்று இஸ்மாயில் காக்கா சொல்வார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த நாயைப் பற்றி மட்டும்தான்.

கிழக்கில் மறுபடி சண்டை மூண்டபோது வெளிநாட்டவர்கள் அவசரமாகப் போக வேண்டி வந்தது. ரூத் மிஸ்ஸை ஏற்ற வந்த வாகனத்தில் நாயை ஏற்ற விடவில்லை. அவர் அழுதுகொண்டே கயிற்றைக் காவலாளியின் கையில் கொடுத்து, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். வேறு யாராவது என்றால் நாலு நாளில் கயிற்றை அவிழ்த்து விட்டிருப்பார்கள். இஸ்மாயில் காக்கா அதை அமானிதமாக எடுத்துக்கொண்டார். ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கும்வரை அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை.

சில மாதத்தில் எங்கள் அலுவலகத்துக்கு முறைப்பாடு வந்தது. காவலாளி நாயைப் பட்டினி போடுகிறார் என்று தெருவே சொன்னது. டொக்டரும் நானும் போனோம். வேலிக்கு வெளியே கூட்டம். எங்கள் பக்கம் தாத்தா என்று அழைக்கும் மூத்த பெண் ஒருவர் முன்னால் வந்து, "டொக்டர் ஐயா, பூனையக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பொம்புளைக்கே நரகம் என்டு ஹதீஸ் இரிக்கி. இவரு என்ன சொல்லித் தப்பப் போறாரு?" என்றார். இஸ்மாயில் காக்கா நாயின் பக்கத்தில் குந்தியிருந்தார். அவருடைய விலா எலும்பும்தான் தெரிந்தது.

டொக்டர் வழக்கம்போலக் கதிரை கேட்டு உட்கார்ந்தார். யாரோ பிளேன்ரீ கொண்டுவந்தார்கள். மில்லி எழுந்து, முற்றத்தில் இரண்டு சுற்று ஓடிவிட்டு, காக்காவின் காலில் தன் பாரம் முழுவதையும் சாய்த்துக்கொண்டு நின்றது. டொக்டர் கோப்பையை வைத்துவிட்டு வேலிப் பக்கம் திரும்பினார்.

"பட்டினி கிடக்கிற நாய் இப்பிடி ஓடாது. இது இனம் அப்பிடி. கடைசி ரெண்டு மூண்டு விலா தெரியாட்டித்தான் நான் இவரை ஏசுவன். இடுப்பெலும்பும் தெரியத்தான் வேணும். பாவம் பார்த்துச் சோத்தைக் கொட்டினீங்களெண்டா உங்களுக்கு நன்மை கிடைக்கும், நாய்க்கு இதய வருத்தம் கிடைக்கும்."

கூட்டம் கலைந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதால் பேச்சு மட்டும் கலையவில்லை. அன்று இஸ்மாயில் காக்கா கேட்ட கேள்வி வேறு. "ஐயா, மாரிக்கு இது நடுங்குது. வெளியில கிடக்க ஏலா. உள்ளுக்கு எடுத்தா மலக்குமார் வரமாட்டாங்க என்டு சொல்றாங்க. நான் என்ன செய்ய?" நாய் இருக்கும் வீட்டுக்குள் மலக்குமார், அதாவது வானவர்கள், நுழையமாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. விப்பெட்டுக்குக் கொழுப்பும் இல்லை, அடர்ந்த மயிரும் இல்லை. வெறும் தரையில் படுத்தால் எலும்பு குத்திப் புண் வரும். டொக்டர் என்னைப் பார்த்தார். காய்ந்த உடம்பு காய்ந்த உடம்பில் பட்டால் கழுவத் தேவையில்லை, ஈரம்தான் விஷயம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த இனத்துக்கு வீணீர் வடிவது குறைவு, மயிர் சீக்கிரம் காயும், நாய் மணமும் அவ்வளவாக இல்லை. "அப்ப உங்கட மார்க்கத்துக்குப் பார்த்துச் செய்த நாய்தான்" என்று டொக்டர் சிரித்தார்.

அதன் பிறகு இஸ்மாயில் காக்கா ஒரு முறையை ஏற்படுத்திக்கொண்டார். தோளில் எப்போதும் ஒரு பழைய துவாய் கிடக்கும். மில்லி தண்ணீர் குடித்ததும் அதன் வாயைத் துடைத்துக் காய வைப்பார். முன் விறாந்தையில் சாக்கின் மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு அதற்கு ஒரு படுக்கை. பக்கத்திலேயே அவருடைய பாய். உள்ளறையைத் தொழுகைக்கு என்று ஒதுக்கினார். மில்லி அந்த வாசற்படியைத் தாண்டாமல் பழகிக்கொண்டது. நான் போகும் நேரங்களில் பார்த்திருக்கிறேன். அவர் தொழுது முடியும்வரை படிக்கு இந்தப் பக்கம் முன்னங்கால்களை நீட்டிப் படுத்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். இந்த இனத்தை அதட்டத் தேவையில்லை, ஒருமுறை சொன்னால் போதும். அதட்டினால் மனம் உடைந்துபோய்ச் சாப்பிடாமல் கிடக்கும்.

சொல்லைக் கேட்காத நேரமும் உண்டு. தூரத்தில் ஏதாவது ஓடினால் அதன் காதில் எதுவும் விழாது. ஆகவே விப்பெட்டைத் திறந்த வெளியில் கயிறில்லாமல் விடக்கூடாது. ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வயற்பக்கம் நடக்கும்போது கயிறு கையிலிருந்து நழுவிவிட்டது. வரப்பில் ஒரு கீரி ஓடியது. கீரி போன வழியில் இராணுவ முகாம். மில்லி முட்கம்பி வேலியை அப்படியே ஊடறுத்துப் போனது. முகாம் வேலிக்குப் பக்கத்தில் ஒருவரும் போகாத காலம் அது. இஸ்மாயில் காக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அதன் பெயரைக் கூப்பிட்டபடி வேலியை நோக்கி நடந்தாராம். காவலில் நின்ற சிப்பாய்க்கு என்ன தோன்றியதோ, தோளிலிருந்த துவக்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் ரீசேட்டைக் கழற்றி அதில் நாயைச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

விப்பெட்டின் தோல் மெல்லியது. மற்ற நாய்க்குக் கீறலாகும் கம்பி இதற்குக் கிழிசலாகிவிடும். தோளிலிருந்து விலாவரை தலையணை உறை கிழிந்தது மாதிரி விரிந்து கிடந்தது. காக்கா அதைக் கம்பளியில் சுற்றி எங்கள் அலுவலகத்துக்குத் தூக்கி வந்தார். டொக்டர் அன்று மட்டும் கதிரை போடவில்லை. ஆனால் ஊசியையும் உடனே எடுக்கவில்லை. கொழும்பில் தன்னோடு படித்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து நீண்ட நேரம் ஆங்கிலத்தில் கதைத்தார். வைத்துவிட்டு எங்களுக்கு விளங்கப்படுத்தினார். எங்களிடம் இருந்த மயக்க மருந்து உடம்பின் கொழுப்பில் இறங்கித்தான் வேகம் தணியும். இந்த நாயிடம் கொழுப்பே இல்லை. மற்ற நாய்க்குப் போடுகிற அளவைப் போட்டால் மருந்து போக்கிடமில்லாமல் இரத்தத்திலேயே சுற்றும், நாய் எழும்பாமலே போகலாம்.

"போடாமத் தைக்க ஏலாதா ஐயா?" என்று இஸ்மாயில் காக்கா கேட்டார். "ஏலாது" என்றார் டொக்டர். "குறைச்சுப் போடுறன். விறைப்பு ஊசியும் சுத்திவரப் போடுறன். நீங்க தலைமாட்டில நிண்டு பேரைச் சொல்லிக்கொண்டிருங்க."

ஒரு சொட்டு, பிறகு மூச்சைப் பார்ப்பது, பிறகு இன்னொரு சொட்டு. டொக்டரின் கை அவ்வளவு மெதுவாக வேலை செய்து நான் கண்டதில்லை. காயத்தைக் கழுவி உள்ளேயொரு வரிசை, வெளியேயொரு வரிசை என்று தைத்து முடித்தார். முடித்த பிறகுதான் வினை வந்தது. மில்லி எழும்பவில்லை. உடம்பு குளிரத் தொடங்கியது. சோடாப் போத்தல்களில் வெந்நீர் நிரப்பித் துணியில் சுற்றி அணைத்து வைத்தோம். அது போதவில்லை. இஸ்மாயில் காக்கா சட்டையைக் கழற்றினார். நாயைத் தூக்கித் தன் வெறும் நெஞ்சோடு சேர்த்து, ரூத் மிஸ் விட்டுப்போன கம்பளியால் இருவரையும் மூடச் சொன்னார். மில்லியின் நாக்கு வெளியே தொங்கி அவர் கழுத்தில் ஈரமாகப் பட்டது. நான் துவாயை எடுத்தேன்.

"விடுங்க தம்பி" என்றார். "மண் இரிக்கி, தண்ணி இரிக்கி. கழுவலாம்தானே."

நெடுநேரத்துக்குப் பிறகு கம்பளிக்குள் வால் அசைந்தது. டொக்டர் வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினார். திரும்பி வரும்போது மண் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து இஸ்மாயில் காக்காவின் பக்கத்தில் வைத்தார்.

டொக்டர் பிறகு இடம் மாறிப் போனார். சண்டை வடக்கே நகர்ந்து, ஒரு நாள் முடிந்தும் போனது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், கடைக்காரர்கள் கொடி கட்டினார்கள். அந்த வருடமே ரூத் மிஸ் திரும்பி வந்தார். கட்டிய வீடுகளைப் பார்க்கவும் மில்லியை அழைத்துப் போகவும் வந்திருந்தார். அவருக்கும் காக்காவுக்கும் நடுவில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் நல்ல மனதோடுதான் போனேன்.

மில்லி அவரை அடையாளம் கண்டு வாலையாட்டியது. ரூத் மிஸ் அதன் தையல் தழும்பைத் தடவிப் பார்த்தார். தன்னால் ஒரு முஸ்லிம் இவ்வளவு காலம் நாயோடு கஷ்டப்பட நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்பதாகவும், இனி ஒரு நாளும் அவருக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்றும் சொன்னார். அப்படியே தமிழில் சொன்னேன். இஸ்மாயில் காக்கா தலையை ஆட்டினார். "அமானிதத்தைச் சொந்தக்காரர்ட கையில குடுக்கக் கிடைச்சது சந்தோஷம் என்டு சொல்லுங்க" என்றார். அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கயிறு கை மாறியது. ரூத் மிஸ்ஸின் கம்பளியையும் மடித்துக் கொடுத்தார்.

நாயை வெளிநாடு கொண்டுபோகச் சில சான்றுகள் வேண்டியிருந்ததால் நானும் அம்பாறைவரை அந்த வாகனத்தில் போனேன். மில்லி பின் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. காரைதீவுச் சந்தி தாண்டியதும் ரூத் மிஸ் சொன்னார். தனக்கு இப்போது மாடியில் ஒரு சிறிய வீடாம், குளிர் நாடாம். மில்லியின் மேல் அந்த மனிதருக்கு ஆசை என்று தெரிந்திருந்தால் அங்கேயே விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தாராம். ஒரு வார்த்தை சொல்வாரா என்று காக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அவரோ சந்தோஷம் என்று சொல்லிவிட்டார்.

நான் அந்த வெறும் நெஞ்சைப் பற்றிச் சொன்னேன். துவாயைப் பற்றிச் சொன்னேன். ரூத் மிஸ் சாரதியின் தோளைத் தட்டினார். மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் வாகனம் திரும்பியது. என் வேலைக்காலத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

இஸ்மாயில் காக்கா விறாந்தையைக் கழுவிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் மண்ணும் தண்ணீரும். சாறனை மடித்துக் கட்டியிருந்தார். மில்லி வாகனத்திலிருந்து பாய்ந்து ஓடிப்போய் அவர் காலில் சாய்ந்தது. அவர் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு அதைத் தொடாமல் நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இனி இது அமானிதம் இல்லை, உங்களுடையது என்றேன்.

அவர் மில்லியைக் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார். "இந்த இனம் எவ்வளவு காலம் இரிக்கும் தம்பி?"

பன்னிரண்டு வருடம், நல்லாகப் பார்த்தால் பதினைந்தும் இருக்கும் என்றேன். மில்லிக்கு அப்போதே ஏழோ எட்டோ.

"அப்ப எனக்கு முன்னால போயிரும்."

"அதுக்கு இன்னும் காலம் இருக்குத்தானே காக்கா."

"என்ட மகள்ட மையத்த நானே தூக்கிக் குழியில வெச்ச. பொஞ்சாதிட மையத்தக் காணவே இல்ல. ரெண்டில எது லேசு என்டு எனக்குத் தெரியும் தம்பி. இது தூரத்தில எங்கயாவது இரிக்கட்டும். கொண்டுபோகச் சொல்லுங்க."

கயிற்றைத் தானே எடுத்து ரூத் மிஸ்ஸின் கையில் கொடுத்தார். இந்தத் தடவை மில்லி வர மறுத்தது. அவரே தூக்கிக்கொண்டு போய் வாகனத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு தரம் கொடுத்தவரை இன்னொரு தரம் கொடுக்க வைத்துவிட்டோம். முதல் தடவை மார்க்கம் அவருக்குத் துணை நின்றது. இரண்டாம் தடவைக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. நாங்கள் திரும்பிப் போயிருக்கக்கூடாது. அதை நினைக்காத வருடம் இல்லை.

அதன் பிறகு பள்ளிவாசலிலும் சந்தையிலும் சந்தித்திருக்கிறோம். என் ஆடுகளைப் பற்றிக் கேட்பார், சொல்வேன். மில்லியைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஓய்வு பெற்ற பின் ஒரு காலையில் ரூத் மிஸ் தொலைபேசியில் அழைத்தார். மில்லி தூக்கத்திலேயே போய்விட்டதாம், வயது போய்ப் போனதாம், காக்காவிடம் சொல்லும்படி கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றை ஒருவரிடம் சேர்ப்பிக்கச் சொன்னால் அதுவும் ஓர் அமானிதம்தானே.

நான் அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குப் போகிறவன் இல்லை. கேற்றைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தார். உடனே கதைக்கத் தொடங்கினார். மீன் விலையைச் சொன்னார். வாய்க்கால் துப்புரவாக்காததைச் சொன்னார். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து, நான் வாய் திறக்கும்போதெல்லாம் சீனி போதுமா என்று கேட்டார். வேளாண்மை, மழை, பள்ளிவாசல் தலைவர் தெரிவு என்று நிறுத்தாமல் கதைத்தார். அவ்வளவு கதைக்கிற மனிதரே அல்ல அவர். கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். கேற்றுவரை கூட வந்தார்.

"நீங்க ஒண்டும் சொல்லல்லதானே தம்பி?" என்று கேட்டார்.

"இல்ல காக்கா" என்றேன்.